சிவப்புக் கல்லும் வெள்ளைத் தாளும்

ஆசனிக் என்ற விஷத்தைக் கண்ணால் கண்டவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். தண்ணீரில் கரைந்து கிடக்கும்போது அதற்கு நிறமில்லை, வாசமில்லை, நாக்குக்கும் அகப்படாது. நான் அதைப் பார்த்திருக்கிறேன். நகத்தளவு தாள் ஒன்றில், மஞ்சள் அரைத்த விரல் பட்டது போல ஒரு கறை. முதல் தடவை பார்த்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேலையை விட்டு இறங்கும் நாள்வரை அந்தச் சிலிர்ப்பு போகவே இல்லை.

நான் ஓய்வுபெறக் கொஞ்சம் முந்தி எங்கள் தண்ணீர் ஆய்வுகூடத்துக்கு ஓர் எந்திரம் வந்தது. ஒரு பக்கம் தண்ணீரை உறிஞ்சும், மறுபக்கம் இலக்கத்தைக் காட்டும். புதிதாக வந்த பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். அவர்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "அங்கிள், முந்தியெல்லாம் தாளை வச்சா பாத்தீங்க? அது சரியா வருமா?"

"வரும் மகள்" என்றேன். எப்படி என்று சொல்லத் தொடங்கினேன். தேத்தண்ணீர் நேரம் வந்துவிட்டது, போய்விட்டார்கள். சொல்லாமல் விட்டது தொண்டையிலேயே நின்றுகொண்டிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அப்பா பால் வெட்டியவர். சாதாரண தரப் பரீட்சை எழுதியதும் அரச ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவும் வேலை கிடைத்தது. லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் என்னை டாக்டர் என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். கழுவுவது, அமிலத்தில் ஊறப்போடுவது, மறுபடி கழுவுவது என்று சில வருடங்கள் போயின. பிறகு உதவியாளனாக உயர்த்தினார்கள். நான் வேலை கற்றேன் என்றால் அது நஸீமா மிஸ் வந்த பிறகுதான்.

நஸீமா மிஸ் வரக்காப்பொலைக்காரர். அவருடைய வாப்பாவுக்கு அங்கே பஜாரில் புடவைக்கடை இருந்தது. இரசாயனம் படித்துவிட்டு எங்கள் ஆய்வுகூடத்துக்குத் தலைவியாக வந்தார். சத்தம் போட்டுப் பேச மாட்டார். நல்லாச் செய்தாய் என்றும் சொல்ல மாட்டார், பிழை என்றும் சொல்ல மாட்டார். யார் எந்த முடிவைக் கொண்டுபோய் நீட்டினாலும் ஒரே கேள்விதான்: "வெறுந்தண்ணி என்ன சொல்லுது?"

வெறுந்தண்ணி என்பது வடித்தெடுத்த சுத்தத் தண்ணீர். சந்தேகத் தண்ணீருக்கு என்னென்ன சேர்க்கிறோமோ அத்தனையும் அதற்கும் சேர்க்க வேண்டும். அதே அமிலம், அதே நாகத் துண்டு (துத்தநாகம்தான்), அதே தாள். அதிலும் கறை வந்தால் அழுக்கு நம்முடைய போத்தலில் இருக்கிறது, ஊரான் கிணற்றில் இல்லை என்று அர்த்தம். "மத்தவங்கட தண்ணியக் குத்தம் சொல்ல முந்தி எங்கட கையப் பாக்கணும் செல்வராஜ்" என்பார். அதை அவர் சொன்ன விதத்தில் தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவும் கவனம் இருந்தது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. தண்ணீர் எடுக்கப் போகும் இடத்தில் சொட்டுக்கூட வாயில் படவிட மாட்டார். தேத்தண்ணீர், இளநீர், ஒன்றும் ஆகாது. தோளில் தொங்கும் பிளாஸ்கில் வீட்டுத் தண்ணீர் இருக்கும். "சோதிக்கப் போற தண்ணிய ருசி பாக்கிறது எங்கட வேல இல்ல" என்பது அவர் சட்டம். தோட்டத்துச் சனத்துக்கு இது எவ்வளவு பெரிய அவமரியாதை என்பது எனக்குத் தெரியும். வாசலுக்கு வந்தவர் ஒரு ப்ளேன்டீகூடக் குடிக்காமல் போனால் நாங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வோம். மிஸ்ஸுக்கு விளக்கம் சொல்லும் வழக்கமில்லை. நான்தான் பின்னால் நின்று அசடு வழிவேன்.

சோதனையை இங்கே சொல்லிவிடுகிறேன், அந்தப் பிள்ளை கேட்டாளே. ஒரு சிறு போத்தலில் தண்ணீரை அளந்து ஊற்றி அமிலம் சேர்ப்போம். வேறு இரண்டு உப்புக் கரைசல்களையும் விட்டுக் கொஞ்ச நேரம் பொறுப்போம். பிறகு நாகத் துண்டுகளைப் போட்டவுடன் குமிழி கிளம்பும். அந்தக் கணத்தில் மூடிவிட வேண்டும், தாமதித்தால் வந்தது போய்விடும். மூடியில் ஒரு கண்ணாடிக் குழாய். அதன் அடியில் ஈய உப்பில் நனைத்துக் காயவைத்த பஞ்சு, உச்சியில் பாதரச உப்பில் தோய்த்த தாள். தண்ணீரில் ஆசனிக் இருந்தால் அது காற்றாக மாறிக் குமிழியோடு ஏறி வரும். பஞ்சு மற்ற வாயுக்களைத் தடுத்துக்கொள்ளும், இதை மட்டும் மேலே விடும். தாள் மஞ்சளாகும். கூடக் கூட மஞ்சள் தடித்துப் பழுப்பாகும். அளவு தெரிந்த கறைகளை வரிசையாக வைத்து எதோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்போம். அந்தக் காற்றை மூக்கில் வாங்கினால் ஆளே போய்விடும் என்பதால் எல்லாம் புகைக்கூண்டுக்குள்தான் நடக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒளிந்திருந்த ஒன்று தானாக எழுந்து வந்து தன் பெயரை எழுதிவிட்டுப் போவதைப் பார்க்க எனக்குச் சலிக்கவே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் எஹலியகொடைக்கு அப்பால் உள்ள இறப்பர்த் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். அதன் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கு லயத்தில் வயிற்றோட்டம் என்று செய்தி வந்திருந்தது. கிருமி பார்க்கத் தண்ணீர் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கிணறு அழகான கிணறு. வெள்ளைக் களிமண்ணில் தோண்டியது, கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர், எந்தக் கோடையிலும் வற்றாது. சாமிக்கு அபிஷேகத்துக்குக்கூட அதில்தான் அள்ளினார்கள். கொஞ்சம் மேலே, மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் ஒரு பீலி இருந்தது. அதில் சன்னமாக ஒழுகும் தண்ணீர் பாத்திரத்தில் துருக்கறை ஏற்றும், தேயிலை போட்டால் மை போலக் கறுக்கும். அதை யாரும் மதிக்கவில்லை.

பிள்ளைக்காம்பரா கிணற்றை ஒட்டித்தான் இருந்தது. தாய்மார் பால் வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அதைப் பார்த்துக்கொண்டவர் மருதாயி. என்னைவிட மூத்தவர். எனக்கு ஒரு கிளாஸ் ப்ளேன்டீ கொண்டுவந்து தந்தார். முந்தானையால் கிளாஸைச் சுற்றிப் பிடித்திருந்தார். சூடு போல என்று நினைத்தேன். கை மாறும்போது துணி விலகியது.

உள்ளங்கை முழுக்கக் கடுகைத் தூவி மேலே தோல் மூடினது போல இருந்தது.

இறப்பர்த் தோட்டத்தில் உள்ளங்கை காய்த்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பால் வெட்டுகிற கை அப்படித்தான் இருக்கும். நானும் பழக்கத்தில், "எத்தன வருசமாக் கத்தி புடிக்கிறீங்கக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"கத்தியா? நான் கத்திய தொட்டதே இல்லிங்க தம்பி. கல்யாணம் கட்டி வந்த நாள்லருந்து புள்ளக்காம்பராதான்."

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அப்பாவின் கை எனக்கு மனப்பாடம். கத்திப்பிடி அழுத்தும் இடத்தில் மட்டும்தான் காய்ப்பு இருக்கும், அதுவும் ஒரு கையில்தான் கூடுதலாக. மருதாயி அக்காவுக்கு இரண்டு கையிலும், உள்ளங்கைக் குழியிலும் இருந்தது. பாதத்திலும் இருப்பதாகச் சொன்னார்.

"டிஸ்பென்சர் ஐயா களிம்பு குடுத்தாருங்க. கேக்கல. இப்ப லயத்துல பெரிய வியாதிங்குறாங்க. பெத்தவளுக எங்கிட்ட புள்ளைய விட யோசிக்கிறாளுக. நான் தூக்குன புள்ளைக, நான் பால் கரைச்சுக் குடுத்த புள்ளைக. தொரையும் வேற ஆள் போடப் போறேன்னுட்டாரு."

பெரிய வியாதி என்றால் குஷ்டம். லயத்தில் வேறு பலருக்கும் கை இப்படி இருந்திருக்கிறது, அவர்களெல்லாம் பால் வெட்டுகிறவர்கள், ஆகவே பழி கத்தி மேல் போனது. கத்தி பிடிக்காத ஒரே காரணத்தால் இவருக்கு மட்டும் குஷ்டம்.

திரும்பி வந்து மிஸ்ஸிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார்.

"ரெண்டு கையிலயுமா?"

"ஆமா மிஸ்."

"குழியிலயும் ஈக்குதா?"

"இருக்கு மிஸ்."

"அமிலத்துல கழுவின போத்தல் எடுங்க. திரும்பிப் போய்த் தண்ணி கொண்டு வாங்க. கிணத்துலயும் பீலியிலயும் வேற வேறயா. ஆசனிக் தண்ணி வருசக்கணக்காக் குடிச்சாலும் கை இப்பிடிக் காய்க்கும்."

கொண்டுவந்தேன். கிணற்றுத் தண்ணீரின் தாள் மஞ்சளாகி, நான் பார்த்துக்கொண்டிருக்கவே பழுப்பாக இறங்கியது. அத்தனை தெளிந்த தண்ணீர். மிஸ் மெல்லக் கேட்டார்: "வெறுந்தண்ணி என்ன சொல்லுது?" வெறுந்தண்ணீரின் தாள் வெள்ளை. யாருக்கும் வேண்டாத அந்தத் துருப்பிடித்த பீலித் தண்ணீரின் தாளும் வெள்ளை. மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னார். அதே முடிவு வந்தது.

அடுத்த நாளே மிஸ் தோட்டத்துக்கு வந்தார். தோட்டத்துத் துரையைக் கண்டு பேசிவிட்டுக் கிணற்றடிக்கு இறங்கினார். இந்த இடத்தில் முந்தி என்ன இருந்தது என்று மருதாயி அக்காவிடம் கேட்டார்.

"ஸ்டோர் இருந்துச்சுங்க மிஸ். வெள்ளக்காரன் காலத்துப் புல்லு மருந்து. எங்க மாமனாருதான் தெளிச்சவரு. தோட்டம் கை மாறுனப்ப மிச்சம் கெடந்த ட்ரம்மெல்லாம் குழி வெட்டி உருட்டி விட்டாங்க. அந்தா அந்தப் பலா மரத்தடியில."

பலா மரம் கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்தில் நின்றது. அந்தக் காலத்தில் புல்லைச் சாகடிக்க ஆசனிக் கரைசல் தெளித்தார்கள் என்பதை மிஸ் வழியில்தான் எனக்குச் சொல்லியிருந்தார். மருதாயி அக்காவுக்கு விளங்க நான் பாஷாணம் என்றேன். அவர் கிணற்றைப் பார்த்தார், தொட்டிலில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தார். அழவில்லை.

"நான்தானுங்க ஊத்திக் குடுத்தேன்" என்றார்.

பிறகு, வந்தவர்களைச் சும்மா அனுப்பக்கூடாதென்று பீலித் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்தார். மிஸ் தலையாட்டி வேண்டாம் என்றார். மருதாயி அக்காவின் முகம் சுருங்கியது. "பரவாயில்லிங்க. இப்ப யாரும் எங்கையால குடிக்கிறதில்ல" என்று கிளாஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு மிஸ் மேல் சரியான கோபம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று இருந்தது.

மிஸ் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பீலி வாயில் படிந்திருந்த செந்நிறப் படிவை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இரும்பு. ஆசனிக் இரும்பக் கண்டா ஒட்டிக்கொள்ளும். இந்தப் பக்கம் வந்ததையெல்லாம் இது புடிச்சு வச்சிருக்கும்" என்றார். கிணறு வெள்ளைக் களிமண்ணில் இருந்ததால் அங்கே பிடித்துவைக்க ஒன்றுமில்லை. ஒரு கறையும் ஏற்றாத தண்ணீர் என்று எல்லாரும் மெச்சினார்களே, அந்தத் தெளிவுக்குள்தான் விஷம் தடையில்லாமல் நடந்து வந்திருக்கிறது.

ஆனால் பீலி கோடையில் நின்றுவிடும், கோடையோ தொடங்கிவிட்டது. வேறு மலையிலிருந்து குழாய் போட்டுத் தருவதாகத் துரை ஒத்துக்கொண்டார், கோடை முடிந்த பிறகு. அதுவரை பிள்ளைகள் எதைக் குடிப்பார்கள்? பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் இடித்துப்போட்ட பழைய கக்கூஸ் சுவரின் கற்கள் குவிந்து கிடந்தன. கபொக் கல். எங்கள் சப்ரகமுவவில் காலடி வைக்கிற இடமெல்லாம் கிடைக்கிற சிவப்புக் கல். மண்ணில் இருக்கும்போது மண்வெட்டியால் வெட்டலாம், வெயில் பட்டால் இறுகிவிடும். மிஸ் ஒரு துண்டைக் கையிலெடுத்து வெகுநேரம் பார்த்தார். நிறம் முழுக்க இரும்பு.

"இதுல கொஞ்சம் கொண்டு போவம் செல்வராஜ்."

ஆய்வுகூடத்தில் அதை இடித்து, சலித்து, கலங்கல் போகும்வரை கழுவிக் காயவைத்தேன். கண்ணாடிக் குழாயில் நிரப்பிக் கிணற்றுத் தண்ணீரை மெதுவாக இறக்கினேன். கீழே வந்ததைச் சோதித்தால் தாள் மறுபடி மஞ்சள். முன்னைவிட வெளிறியிருந்தது, ஆனால் மஞ்சள்தான். எனக்கு அழுகை வராத குறை. மிஸ் அன்று முழுக்கப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வந்ததும், "ப்ளீச்சிங் பவுடர் ஈக்குதா?" என்று கேட்டார்.

"தண்ணியில இது ரெண்டு விதமா ஈக்கும். ஒண்டு கல்லோட ஒட்டும், மத்தது நழுவிப் போகும். நழுவுறத ஒட்டுறதா மாத்திப்போட்டு விடுவம்."

கிணற்றுக்குக் கிருமி சாகப் போடும் அதே பவுடர்தான். ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, பொறுத்திருந்து, கல்லின் ஊடாக இறக்கினோம். போத்தலை மூடினேன். குமிழி கிளம்பியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. குமிழி அடங்கியும் வெள்ளை.

நான் பிறந்து வளர்ந்த லயத்துக் காம்பராவின் சுவர் அந்தக் கல். கீழ்க்கணக்கு லயமும் அந்தக் கல்தான். விஷத்தைப் பிடித்து வைக்கத் தெரிந்த நாலு சுவருக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு சனம் விஷத்தைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கடவுள் இருக்கிறாரா என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. அந்தக் கல்லை இன்றைக்கும் மிதிக்க மனம் வராது.

இரண்டு பெரிய பீப்பாய்கள் வாங்கி, ஒன்றில் பவுடர் கலந்து தண்ணீரைத் தங்கவைக்கவும், மற்றதில் கல் நிரப்பி இறக்கவும் பிள்ளைக்காம்பரா முற்றத்தில் பொருத்தினோம். கல்லை இடித்துக் கழுவியது முழுக்க மருதாயி அக்கா. வேறு யாரையும் கிட்ட விடவில்லை. அதுவே வினையாகிவிட்டது. "அவ கை பட்ட கல்லுல வடிஞ்ச தண்ணியவா எம்புள்ள குடிக்கணும்?" என்று ஒரு தாய் நேருக்கு நேர் கேட்டுவிட்டாள். இது ஒட்டுகிற வியாதி இல்லை, தண்ணீரால் வந்தது என்று நானும் சொன்னேன், டிஸ்பென்சரும் சொன்னார். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோது, "ஞாயித்துக்கிழம எல்லாரையும் வரச் சொல்லுங்க. அங்கயே வச்சுப் பாப்பம்" என்றார்.

கோடை முடிந்து புதுக் குழாய் வந்தது, பாவித்த கல்லையெல்லாம் சீமெந்தில் குழைத்துக் கிணற்றின் வாயை அடைத்தது, மருதாயி அக்காவின் கை முழுக்கக் குணமாகாவிட்டாலும் கொஞ்சம் இளகியது, இதெல்லாம் பிறகு நடந்தவை. நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

காற்று வீசும் திசை பார்த்து முற்றத்து ஓரத்தில் மேசை போட்டோம். சனத்தைக் காற்று வரும் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னேன். மூன்று போத்தல்: வெறுந்தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கல்லில் வடிந்த தண்ணீர். நாகத் துண்டுகளைப் போட்டு மூடிவிட்டு நாங்களும் விலகி வந்து நின்றோம். லயமே திரண்டிருந்தது. மருதாயி அக்கா பீப்பாய்க்குப் பக்கத்தில் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றார்.

குமிழி அடங்கியதும் இடுக்கியால் தாள்களை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். கிணற்றுத் தாள் பழுப்பாகிக் கிடந்தது. மற்ற இரண்டும் வெள்ளை. எது வெறுந்தண்ணீர், எது வடிந்த தண்ணீர் என்று எனக்கே போத்தலைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. கேள்வி கேட்ட அதே தாய் தட்டையே பார்த்தாள்.

"எல்லாம் சரிங்க. தாளு வெள்ளையாத்தான் இருக்கு" என்றாள். பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

மிஸ் தோளிலிருந்த பிளாஸ்கைக் கழற்றி மேசையில் வைத்தார். நேரே பீப்பாயிடம் நடந்தார்.

"அக்கா, எனக்கு ஒரு கோப்ப தண்ணி தாங்க."

அத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

மருதாயி அக்கா கோப்பையில் பிடித்து, வழக்கம் போல முந்தானையால் சுற்றி நீட்டினார். மிஸ் வாங்கவில்லை.

"அந்தச் சீலைய விடுங்க."

அக்காவுக்கு விளங்கவில்லை. மிஸ் தன் கையாலேயே அந்தத் துணியை விலக்கினார். காய்த்துப்போன அந்த விரல்களின் மேல் தன் விரல்களை வைத்து, எல்லாரும் பார்க்கக் கோப்பையை வாங்கினார். நின்ற இடத்திலேயே கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு கோப்பையைத் திரும்ப நீட்டினார்.

"இன்னொண்டு தாங்க."

இரண்டாவது கோப்பையை அக்கா விளிம்பு தாண்டப் பிடித்தார், தண்ணீர் உள்ளங்கையெல்லாம் வழிந்தது. மிஸ் அதையும் குடித்தார். அந்தத் தாய் பிள்ளையை இறக்கி விட்டாள். முதுகில் கை வைத்து மெதுவாகத் தள்ளினாள்.

"போ. ஆயாகிட்ட தண்ணி வாங்கிக் குடி."

அது போனது. அதன் பின்னால் மற்றதுகளும் போயின. நாங்கள் சாமான்களைக் கழுவிக் கட்டிக்கொண்டு புறப்படும்வரை மருதாயி அக்கா பிள்ளைகளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். முந்தானை அவிழ்ந்து தரையில் இழுபட்டது. அவர் அதைத் தேடவே இல்லை.